பைக் போன நாளிலேயே பேரும் போகட்டும்: மலையகத்தில் பழைய மோட்டார் சைக்கிள் விற்போருக்கு

2021 இல் என்னுடைய பழைய டிஸ்கவர் பைக்கை விற்றேன். வாங்கியவர் கம்பளைப் பக்கத்துக்காரர். காசை எண்ணிக் கையில் தந்தார். நான் சாவியையும் சி.ஆரையும் (வாகனப் பதிவுச் சான்றிதழ்), கையெழுத்து மட்டும் போட்ட வெறும் படிவங்களையும் கொடுத்தேன். "அடுத்த கிழமையே பேர் மாத்திடுறேன் அண்ணே" என்றார். நம்பி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துத் தோட்டத்து ஆபீசில் எனக்கொரு கடிதம் கிடந்தது. அது வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. நான் கால் வைத்தறியாத ஓர் ஊரில், நான் கண்ணால் கண்டிராத ஒருவர், அந்த பைக்கால் ஒரு பெரியவரை இடித்துப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பொலிஸாரிடம் இருந்த ஒரே பெயர் என்னுடையது. பைக் அதற்குள் மூன்று கை மாறியிருந்தது. மூன்று கையும் என் கையெழுத்துப் போட்ட அதே தாள்களைத்தான் ஒருவருக்கொருவர் கொடுத்திருந்தார்கள். மூன்று முறை போய் வாக்குமூலம் கொடுத்தேன், ஒரு சட்டத்தரணிக்குக் காசு கட்டினேன், வேலைக்குப் போகாத நாட்கள் வேறு. அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார் என்று கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பிறகு 2024 இல், என் பெயரில் இருந்த, மனைவி ஓட்டிய ஸ்கூட்டியை விற்க வேண்டி வந்தது. அதை ஒவ்வொரு படியாக, முறையாகச் செய்தேன். கீழே இருப்பது அந்த இரண்டாவது விற்பனையில் கற்றது. முதல் முறை விற்கிற தம்பி தங்கைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

1. விலை பேசும் முன் சி.ஆரை வாசியுங்கள்

பலர் வாங்கிய நாளில் பெட்டிக்குள் வைத்த சி.ஆரை விற்கும் நாளில்தான் எடுக்கிறார்கள். வெளிச்சத்தில் வைத்து நான்கு விஷயம் பாருங்கள்.

முதலாவது, பெயர். பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தானா? அப்பாவின் பெயரில் இருக்கும் பைக்கை மகன் விற்க முடியாது. அப்பா உயிரோடு இருந்தால் அவரே கையெழுத்துப் போட வேண்டும். இறந்திருந்தால் மரணச் சான்றிதழோடும் வாரிசுகளின் சம்மதத்தோடும் முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அதை முடிக்காமல் ஒருவரிடமும் முற்பணம் வாங்காதீர்கள்.

இரண்டாவது, எழுத்து. நம் ஆட்களுக்கு இது பெரிய தலைவலி. அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் சி.ஆரில் வேறு மாதிரியும் பெயர் இருக்கும். அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால் வரும், மற்றதில் விரித்து எழுதப்பட்டிருக்கும். முத்தையா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி செய்து கையில் வைத்திருங்கள். கவுண்டரில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு அதற்காக மறுபடி மலை ஏறி வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, லீசிங். கட்டி முடித்துவிட்டோம் என்று மனதுக்குத் தெரியும், ஆனால் சி.ஆருக்குத் தெரியாது. முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தால் பைக் உங்களுடையதல்ல. கடைசித் தவணை ரசீதோடு கிளைக்குப் போய், கடன் தீர்ந்த கடிதத்தையும் பெயரை நீக்குவதற்கான ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். விற்கும் முடிவை எடுத்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான், ஏனென்றால் அந்தக் கடிதம் வர நாளாகலாம்.

நான்காவது, நிறமும் எஞ்சினும். கறுப்பு பைக்குக்குச் சிவப்பு அடித்திருந்தாலோ, எஞ்சினை மாற்றியிருந்தாலோ, அது சி.ஆரில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

2. நம்பர் பிளேட்டைக் கழற்ற வேண்டாம்

"நம்பரை நான் வச்சிக்கலாமா?" என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முடியாது. நம் நாட்டில் இலக்கத் தகடு வாகனத்தோடு போகிறது, ஆளோடு அல்ல. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் அப்படியே கொடுங்கள்.

தகட்டில் இருக்கும் மாகாண எழுத்து பற்றிப் பழைய பயம் இன்னும் இருக்கிறது. முன்பெல்லாம் நுவரெலியாவில் ஓடிய சி.பி. பைக்கைப் பதுளைக்காரர் வாங்கினால் தகட்டை ஒப்படைத்து, யூ.பி. போட்ட புதுத் தகடு வாங்க வேண்டியிருந்தது. இரத்தினபுரிக்குப் போனால் எஸ்.ஜி., கொழும்புக்குப் போனால் டபிள்யூ.பி. 2023 ஜனவரி முதல் மாகாண எழுத்து இல்லாமல் தகடு வழங்கப்படுகிறது. மாகாணம் விட்டு மாகாணம் விற்பதற்காகத் தகடு மாற்ற வேண்டியதில்லை. பழைய எழுத்தோடு இருக்கும் தகடு அப்படியே ஓடலாம். "வேற மாகாணம், பிளேட் மாத்த மேலதிகமா செலவாகும்" என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கும் புரோக்கரிடம் இதைச் சொல்லுங்கள்.

தகடு உடைந்தோ தொலைந்தோ இருந்தால் வேறு விஷயம். டவுனில் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் அடித்து மாட்டிவிட்டு விற்காதீர்கள். தொலைந்தது என்றால் முதலில் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அந்தப் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றுத் தகட்டுக்கு விண்ணப்பியுங்கள். தொலைந்த தகடு யாருடைய பைக்கில் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. அந்த முறைப்பாட்டுப் பிரதி பின்னாளில் உங்களைக் காப்பாற்றும். பைக் விற்ற பிறகும் அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

3. லைசன்ஸ், புகை, இன்சூரன்ஸ்

வருமான அனுமதிப்பத்திரம் (வாகனத்தின் வருடாந்த லைசன்ஸ்) நடப்பில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். அதைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றும் இன்சூரன்ஸும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பைக்கை ஒரு வருடம் லயத்து வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தால் நிலுவை ஏறியிருக்கும். அந்த நிலுவையை யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே தெளிவாகப் பேசி முடியுங்கள். எங்கள் ஸ்கூட்டிக்கு இரண்டு மாதம்தான் மிச்சம் இருந்தது. வாங்கியவர் அதற்காக விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், நியாயம் என்று பட்டது, குறைத்தேன்.

இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது. பைக் போன பிறகு அந்த அட்டையை வைத்து அவர் ஓட்டுவது இருவருக்குமே ஆபத்து. கைமாறும் நாளிலேயே அவர் பெயரில் குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது எடுக்கச் சொல்லுங்கள். உங்களுடையதை ரத்துச் செய்ய நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

4. செசி நம்பரைத் துடைத்து வையுங்கள்

இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. நம் பக்கத்து மழையிலும் பனியிலும் ஹேண்டில் கழுத்தடியில் பொறித்திருக்கும் செசி நம்பர் (வண்டிச் சட்டத்தின் இலக்கம்) துருவும் சேறும் பிடித்து வாசிக்க முடியாமல் போகிறது. வாங்குபவர் வந்து டோர்ச் அடித்துப் பார்ப்பார். எழுத்து தெரியாவிட்டால் சந்தேகப்படுவார், அது அவருடைய உரிமை. அரசாங்க அதிகாரி பார்த்தாலும் அதே சந்தேகம்தான் வரும்.

பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடைத்தால் போதும். மணல் தாளோ கம்பி பிரஷோ போட்டுத் தேய்க்கவே கூடாது. கீறல் விழுந்தால் நம்பரை மாற்றப் பார்த்ததுபோல் தெரியும். துடைத்த பிறகு செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் போனில் படம் எடுத்து, சி.ஆரில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. இரண்டு படிவம், இரண்டு வேலை

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

எம்.டி.ஏ. 6 என்பது உரிமை மாற்றத்துக்கான விண்ணப்பம். விற்பவர் பகுதி, வாங்குபவர் பகுதி இரண்டும் அதில் உண்டு. இதை வாங்குபவர்தான் திணைக்களத்துக்குக் கொண்டுபோகிறார். எம்.டி.ஏ. 8 என்பது, வாகனம் என் கையை விட்டுப் போய்விட்டது, இன்ன திகதியில் இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று விற்பவர் திணைக்களத்துக்கு அறிவிக்கும் படிவம். இது உங்களுடைய கவசம். மலையகத்தில் பைக் விற்ற பத்துப் பேரிடம் கேட்டால் 6 என்ற இலக்கத்தை எல்லோரும் சொல்வார்கள். 8 எதற்கு என்று விளக்கிச் சொன்ன ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. இரண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். அவர் போகாவிட்டால் இரண்டும் போகாது. 2021 இல் நான் செய்த தவறு அதுதான்.

சரியான முறை இது. எம்.டி.ஏ. 8 இல் இரண்டு பிரதி நிரப்புங்கள். ஒன்று வாங்குபவரின் விண்ணப்பத்தோடு போகட்டும். மற்றதை நீங்களே, வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியையும் விற்பனைக் கடிதப் பிரதியையும் இணைத்து, நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சட்டம் தருவது 14 நாள். நான் பைக் போன மறுநாள் காலையிலேயே ஹட்டன் தபாலகத்தில் போட்டேன். அந்தத் தபால் துண்டு சின்னது, கசங்கும், மை அழியும். வாங்கியவுடன் படம் எடுத்து, பிரதியும் எடுத்து வையுங்கள்.

படிவம் தமிழில் வேண்டுமென்றால் கேளுங்கள், அது உங்கள் உரிமை. திணைக்களத்தின் இணையத்தளத்திலும் படிவங்கள் கிடைக்கின்றன. ஆனால் டவுனில் கொமியூனிகேஷன் கடைகளில் விற்கும் பழைய போட்டோகொப்பியை வாங்கினால் ஒரு பக்கம் குறைந்தோ, ஓரத்தில் வரி வெட்டுப்பட்டோ இருக்கலாம், பார்த்து வாங்குங்கள். நிரப்பும்போது நீலம் அல்லது கறுப்பு மை, ஒரே பேனை. திருத்த வெள்ளை மை பூச வேண்டாம், பிழைத்தால் புதுப் படிவம் எடுங்கள். கையெழுத்து அடையாள அட்டையில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும். வருடங்கள் போகப் போகக் கையெழுத்து மாறியிருக்கும், வேறு தாளில் நாலைந்து முறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

6. ஓபன் பேப்பர் கேட்டால்

வாங்குபவரோ புரோக்கரோ கட்டாயம் கேட்பார்கள். "பேரும் திகதியும் விட்டுட்டு ஒப்பம் மட்டும் போடுங்க, எல்லாரும் இப்பிடித்தான் செய்றாங்க." உண்மைதான், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அதில் லாபம் இருக்கிறது. பைக்கை இரண்டு கிழமையில் வேறொருவருக்கு விற்றால் பெயர் மாற்றும் செலவு மிச்சம். அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் நீங்கள்.

பைக் யார் கையில் இருந்தாலும், பதிவில் உங்கள் பெயர் இருக்கும்வரை தேடி வருபவர்கள் உங்களிடம்தான் வருவார்கள். கொழும்பில் 2024 ஜனவரி முதல் வீதிக் கமராக்களில் நம்பரைப் பார்த்து, பதிவு உரிமையாளரின் விலாசத்துக்கே அபராதப் பத்திரம் அனுப்புகிறார்கள். விபத்து என்றால் நீதிமன்றம், களவு என்றால் விசாரணை. வாங்குபவருக்கும் இதில் நன்மையில்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது, பேர் மாற்றாமல் ஓட்டியவர்கள் பழைய சொந்தக்காரரைத் தேடி அலைந்ததை நம் டவுன் முழுக்கப் பார்த்தது. என்னைத் தேடியும் ஒருவர் தொலைபேசியில் வந்தார். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் வேறு ஆளுக்கு விற்றுவிடுங்கள். ஐயாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஸ்கூட்டிக்கு அதிக விலை சொன்னவர் ஓபன் பேப்பர்தான் கேட்டார். அவருக்குக் கொடுக்கவில்லை.

7. காசு வாங்கும் நாள்

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அவருடைய அடையாள அட்டையையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு விடுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு ஓட்டக் கொடுக்க வேண்டாம்.

காசைக் கூடியவரை வங்கியில் போடச் சொல்லுங்கள். வங்கிக்குள்ளேயே சந்தித்தால் நோட்டையும் அங்கேயே எண்ணிப் பார்க்கலாம். பிறகு ஒரு விற்பனைக் கடிதம் எழுதுங்கள். பெரிய சட்ட மொழி தேவையில்லை. வாகன இலக்கம், செசி நம்பர், எஞ்சின் நம்பர், விலை, இருவர் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், திகதி, அதோடு நேரம். நேரத்தை எழுதத் தவறாதீர்கள். மாலை நான்கு மணிக்கு விற்ற பைக் ஏழு மணிக்கு விபத்துக்குள்ளானால் அந்த மூன்று மணித்தியாலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இரண்டு சாட்சி கையெழுத்து. ஒருவராவது வாங்குபவரைத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

அவருடைய விலாசத்தை அடையாள அட்டையில் இருப்பதோடு விட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் பிறந்து டவுனில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறையப் பேர். இப்போது இருக்கும் இடத்தையும் கேட்டு எழுதுங்கள். லயத்து விலாசம் என்றால் தோட்டம், டிவிஷன், லய இலக்கம் வரை எழுதுங்கள். கடைசியில் அவரையும் பைக்கையும் நம்பர் பிளேட் தெரிய ஒரே படத்தில் எடுங்கள். எங்களிடம் வாங்கியவர் சிரித்துக்கொண்டே நின்றார், ஒன்றும் தப்பாக எடுக்கவில்லை.

8. அலுவலகத்துக்குப் போகும் நாள்

சேர்ந்து போக முடிந்தால் அதைவிடச் சிறந்த வழியில்லை. போவதற்கு முன் அரச தகவல் நிலையத்தின் 1919 க்கு அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். மோட்டார் சைக்கிள் உரிமை மாற்றத்தை உங்கள் மாவட்ட அலுவலகத்தில் எந்த நாட்களில் ஏற்கிறார்கள்? முன்கூட்டியே நேரம் பதிய வேண்டுமா? இன்றைய கட்டணம் எவ்வளவு? கட்டணங்கள் வர்த்தமானி மூலம் மாறுபவை, போன வருடம் போனவர் சொன்ன தொகையை நம்பிக் காசு கொண்டுபோகாதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: சி.ஆர். மூலப்பிரதி, நிரப்பிய 6உம் 8உம், வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாள அட்டையும் பிரதிகளும், பெயர் வித்தியாசத்துக்கான சத்தியக்கடதாசி, லீசிங் இருந்திருந்தால் அந்தக் கடிதம். வாங்குபவரின் இப்போதைய விலாசம் அடையாள அட்டையில் இல்லையென்றால் கிராம சேவகர் சான்றும் எடுத்து வரச் சொல்லுங்கள். பைக்கையும் பார்க்கக் கேட்பார்களா என்று அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, பிறகு கோப்பில் வையுங்கள். கினிகத்தேனை மழையில் நனைந்த சி.ஆரை ஒருவர் விசிறிக் காற்றில் காயவைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நாங்கள் நாரஹேன்பிட்டிக்கே போனோம். ஹட்டனிலிருந்து அதிகாலை பஸ்ஸில் கினிகத்தேனை, அவிசாவளை வழியாக. முதல் நாளே கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம். ஒருநாள் சேவை உண்டு, கட்டணம் கூட. சாதாரண சேவையில் புதிய சி.ஆர். பதிவுத் தபாலில் வரும்.

வாசலில் "ஐயா, நான் செஞ்சு தாறேன்" என்று வருபவர்களிடம் கடதாசியைக் கொடுக்காதீர்கள். என்னிடம் ஒருவர் எட்டாயிரம் கேட்டார். உள்ளே தகவல் கருமபீடத்தில் காசில்லாமல் சொல்லித் தந்தார்கள். அங்கிருந்த உத்தியோகத்தர் பெண்மணி என் படிவத்தில் விடுபட்ட ஒரு கட்டத்தைக் காட்டி, அங்கேயே நிரப்பச் சொன்னார்.

9. செலவை யார் போடுவது

வழக்கம் என்னவென்றால், பெயர் மாற்றும் கட்டணம் வாங்குபவருடையது. லீசிங் நீக்கும் செலவும் பழைய நிலுவையும் விற்பவருடையது. நீங்கள் மறக்கும் செலவுகள் சிறியவை: போட்டோகொப்பி, பதிவுத் தபால், பஸ் காசு, சாப்பாடு. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு அன்றைய பேரும் (நாள் சம்பளம்) போகும், அதையும் கணக்கில் சேருங்கள். இந்தச் செலவு பெரிதாகத் தெரிந்தால் விலையில் பேசி எடுத்துக்கொள்ளலாம்.

10. பைக் போன பிறகு

புதிய சி.ஆர். வந்ததும் படம் அனுப்பும்படி வாங்கியவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். ஒரு மாதத்தில் வராவிட்டால் அழைத்துக் கேளுங்கள். சாக்குச் சொன்னால் உங்கள் எம்.டி.ஏ. 8 பிரதியையும் தபால் துண்டையும் இணைத்து ஆணையாளர் நாயகத்துக்கு மறுபடி எழுதுங்கள். உங்கள் பகுதிப் பொலிஸிலும் விற்பனைக் கடிதத்தைக் காட்டி ஒரு பதிவு போடுங்கள்.

லயத்தில் இருப்பவர்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், என் பெயரில் அரசாங்கக் கடிதம் வந்தால் உடனே சொல்லியனுப்புங்கள் என்று கிளாக்கரிடம் சொல்லி வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை நீங்களும் எட்டிப் பாருங்கள். எனக்கு அந்தப் பதினெட்டு நாள் மிகவும் செலவு வைத்தது.

ஸ்கூட்டியை வாங்கியவர் தலவாக்கலையில் ஒரு தையல் கடை நடத்துகிறார். பன்னிரண்டாம் நாள் இரவு அவருடைய பெயர் போட்ட சி.ஆரின் படம் என் போனுக்கு வந்தது. மறுநாள் அதைக் கடையில் பிரதி எடுத்து, தபால் துண்டு இருந்த அதே கோப்பில் சேர்த்து வைத்தேன்.